கீச்! கீச்! - பிரேக் சொல்லும் சேதி

பந்தயச் சாலையில் ஓடும் சின்னக் கார்கள் ஏன் கத்துகின்றன? அவற்றின் பிரேக் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேய்கிறது?

"கீ...ச்...ச்!"

ஞாயிற்றுக்கிழமை மாலை. சேரப்பணஞ்சேரியில் ஒரு தெரு. சிவப்பு நிறச் சின்னக் கார் ஒன்று வந்து வாசலில் நிற்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிறது. வீட்டுக்குள் இருந்து அம்மா வெளியே வருகிறார்.

"என்னப்பா இது? காலையில் போகும்போது கார் நன்றாகத்தானே இருந்தது? இப்போது ஏன் இப்படிக் கத்துகிறது?"

"ஒன்றும் இல்லை அம்மா. பந்தயச் சாலையில் நாலு சுற்று ஓட்டினேன். பிரேக் கொஞ்சம் சூடாகி விட்டது. நாளைக்குச் சரியாகி விடும்."

"அடுத்த வாரம் இதே காரில்தானே எல்லோரும் ஏற்காடு போகப் போகிறோம்?"

மகனிடம் பதில் இல்லை.

இப்படி ஒரு வீட்டை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாலிபர். மாதத் தவணையில் ஒரு சின்னக் கார் வாங்கி இருக்கிறார். சின்னக் கார்தான். ஆனால் என்ஜின் வேகமானது. வார நாளில் வேலைக்குப் போகவும், பண்டிகை நாளில் குடும்பத்தோடு கோவிலுக்குப் போகவும் அதே கார். லீவு நாளில் பந்தயச் சாலைக்குப் போகவும் அதே கார்!

அம்மா கேட்ட கேள்வி சின்னக் கேள்வி அல்ல. ஐந்து உயிர்களின் கேள்வி. அதற்குப் பதில் என்ன? பார்ப்போம்.

விமான மைதானத்தில் பிறந்த பந்தயம்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் அவதரித்த ஊர் என்று பக்தர்கள் சொல்வார்கள். இன்றைய வாலிபர்களைக் கேட்டால், "கார் ஊர்" என்பார்கள். அந்த ஊருக்குச் சற்று முன்னால், சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில் இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. அங்கேதான் புகழ் பெற்ற மோட்டார் பந்தயச் சாலை உள்ளது.

அதற்கு முன்பு பந்தயங்கள் நடந்த இடம் சோழவரம். இரண்டாம் உலக யுத்த காலத்து விமான மைதானம் அது. விமானம் ஓடிய பாதையில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் சீறிப் பாய்ந்தன. சென்னையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அந்தக் கிளப்தான் பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகப் பந்தயச் சாலை அமைத்தது. 1990-ல் அது திறக்கப்பட்டது.

அதன் நீளம் 3.717 கிலோ மீட்டர். அதில் 12 வளைவுகள்!

1980-களின் கடைசியில், கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன் என்பவர் ஒரு காரியம் செய்தார். மாருதி 800 காரின் சின்னஞ்சிறு என்ஜினை எடுத்தார். அதை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் காரைக் கட்டினார். "பார்முலா மாருதி" என்று அதற்குப் பெயர். குறைந்த செலவில் பல வாலிபர்கள் பந்தயம் பழக அது வழி செய்தது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் நினைவாகக் கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயச் சாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதே கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005-ல் "பார்முலா ஒன்" பந்தயத்தில் கலந்து கொண்டார். அந்தப் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-ல் அங்கே போனார்.

2010-ல் போக்ஸ்வாகன் போலோ கார்களுக்கு என்றே தனிப் பந்தயம் தொடங்கியது. சாலையில் நாம் பார்க்கும் அதே சின்னக் காரின் பந்தய உருவம்! அதைப் பார்த்த வாலிபர்களுக்கு ஆசை பிறக்காமல் இருக்குமா?

ஆசை தவறு அல்ல. பொதுச் சாலையில் பந்தயம் விடுவது சட்டப்படி குற்றம். ஓட்ட வேண்டும் என்றால் அதற்கென்று உள்ள இடத்தில் ஓட்டுவதே நல்லது. ஆனால், அங்கே போகும் காரின் பிரேக் என்ன பாடு படுகிறது என்று தெரிந்து கொண்டு போக வேண்டும்.

வேகம் எங்கே போகிறது?

ஓடுகிற காரை நிறுத்துகிறோம். அதன் வேகம் எங்கே போயிற்று? மாயமாய் மறைந்து விட்டதா?

இல்லை! அது சூடாக மாறி விட்டது.

உள்ளங்கைகளை ஒன்றோடு ஒன்று வைத்து வேகமாகத் தேய்த்துப் பாருங்கள். சூடு தெரிகிறது அல்லவா? பிரேக் செய்வதும் அதுதான். காரின் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதற்கு "டிஸ்க்" என்று பெயர். அதன் இரண்டு பக்கமும் இரண்டு கட்டைகள் இருக்கின்றன. அவற்றை மெக்கானிக்குகள் "பிரேக் பேடு" என்பார்கள். நாம் பிரேக்கை மிதித்ததும் அந்தப் பேடுகள் டிஸ்க்கை இருபுறமும் நெருக்கிப் பிடிக்கின்றன. உரசல் உண்டாகிறது. வேகம் குறைகிறது. சூடு ஏறுகிறது.

எவ்வளவு சூடு? ஒரு கணக்குப் போடுவோம்.

ஓட்டுபவரையும் சேர்த்து 1,000 கிலோ எடை உள்ள சின்னக் கார். மணிக்கு 120 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. வளைவுக்கு முன் 60 கிலோ மீட்டராக வேகத்தைக் குறைக்க வேண்டும். அந்த ஒரே மிதியில் உண்டாகும் சூடு, ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும்!

வீட்டில் காஸ் அடுப்பில் அதைக் கொதிக்க வைக்க ஐந்து நிமிடமாவது ஆகும். பிரேக்கோ இரண்டு மூன்று விநாடியில் அவ்வளவு சூட்டையும் உண்டாக்கி விடுகிறது.

இன்னொரு விஷயம். வேகம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கு ஆவதில்லை. நாலு மடங்கு ஆகிறது! 60-ல் வரும் காரை நிறுத்துவதைப் போல நாலு பங்கு வேலை, 120-ல் வரும் காரை நிறுத்த வேண்டுமானால் பிரேக்குக்கு இருக்கிறது.

பிரேக் பிடிக்கும்போது கார் முன்பக்கம் குனிகிறது. நீங்களும் முன்னால் சாய்கிறீர்கள். எடையில் பெரும் பகுதி முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. ஆகவே முன் பிரேக்குகளுக்கே பெரும் பங்கு வேலை. முன் டிஸ்க் ஒன்று ஐந்து கிலோ எடை என்று வைத்துக் கொண்டால், மேலே சொன்ன ஒரு மிதிக்கு அதன் சூடு சுமார் 60 டிகிரி ஏறும்.

ஊருக்குள் ஓட்டும்போது கவலை இல்லை. அடுத்த முறை மிதிப்பதற்குள் காற்றுப் பட்டு ஆறி விடும். பந்தயச் சாலையில்? ஆறுவதற்குள் அடுத்த வளைவு. பிறகு இன்னொரு வளைவு. சுற்று முடிந்தால் மறுபடியும் முதல் வளைவு! 60, 120, 180 என்று சூடு மேலே மேலே போகிறது. 300, 400 டிகிரியை எளிதில் தாண்டும். கடும் பந்தயங்களில் இரும்புத் தட்டு கொல்லன் உலையில் இட்டது போலச் சிவந்து ஒளி விடுவதும் உண்டு.

தேரை நிறுத்தும் கட்டை

இந்த உரசல் நமக்குப் புதியதா? இல்லை!

தேர்த் திருவிழாவைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து இழுக்கிறார்கள். மலை போன்ற தேர் அசைந்து வருகிறது. அது திரும்ப வேண்டும், நிற்க வேண்டும். அதற்கு என்ன செய்கிறார்கள்? சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள். கட்டை போடுகிறவரின் கைத்திறமையில்தான் தேர் நிற்பதும் நடப்பதும் இருக்கிறது. கட்டை கிறீச்சிடும். சில நேரம் புகையும். திருவிழா முடிவதற்குள் பல கட்டைகள் நசுங்கிப் போகும்.

அந்த முட்டுக்கட்டைதான் தேரின் பிரேக்!

இப்போது பெரிய தேர்களுக்கே எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் பிரேக் வந்து விட்டது. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி "பெல்" நிறுவனம் அப்படிப்பட்ட பிரேக்கைப் பொருத்தியது.

வெளிநாட்டிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் மலைச் சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள், பிரேக் கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்துக் கட்டினார்களாம். அதைப் பார்த்த ஹெர்பர்ட் புரூட் என்பவர், "இதைவிட நல்ல பொருளைச் செய்தால் என்ன?" என்று யோசித்தார். 1897-ல் பிரேக் பட்டை செய்யும் வேலையில் இறங்கினார். "பெரோடோ" என்ற கம்பெனி அப்படித்தான் பிறந்தது.

சத்தத்தால் தோற்ற பிரேக்!

டிஸ்க் பிரேக் நேற்று வந்தது அல்ல. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரடெரிக் லான்செஸ்டர் என்ற என்ஜினீயர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கி விட்டார். ஆனால் அவர் உரசும் இடத்தில் செம்பைப் பொருத்தினார். தட்டும் உலோகம், கட்டையும் உலோகம். என்ன ஆகும்? காது கிழியும் கூச்சல்! தேய்மானமும் அதிகம். மக்கள் அதை விரும்பவில்லை.

அதனால் நீண்ட காலத்துக்கு "டிரம்" பிரேக்கே ஆட்சி செய்தது. சக்கரத்துக்குள் ஒரு மூடிய பானை. அதற்குள் இரண்டு வளைந்த பட்டைகள். மிதித்தால் பட்டைகள் விரிந்து பானையின் உட்புறத்தை உரசும். அந்தக் காலத்து அம்பாசிடரிலும் பியட்டிலும் இருந்தது இந்தப் பிரேக்தான். சத்தம் குறைவு. ஆனால் பானைக்குள் சூடு அடைபட்டு விடும். தொடர்ந்து மிதித்தால் பிடிப்புக் குறைந்து விடும்.

1953-ல் ஒரு திருப்பம் வந்தது. பிரான்சு நாட்டில் லெமான் என்ற ஊரில் 24 மணி நேரக் கார் பந்தயம் நடந்தது. ஜாகுவார் கம்பெனி தன் கார்களில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி அனுப்பியது. மற்றவர்கள் வளைவுக்கு வெகு தூரம் முன்பே பிரேக்கை மிதித்தார்கள். ஜாகுவார் ஓட்டுநர்களோ கடைசி நேரத்தில் மிதித்தார்கள். இரவும் பகலும் அந்தப் பிரேக் சளைக்கவில்லை. ஜாகுவார் வென்றது!

காரணம் என்ன? டிஸ்க் திறந்த வெளியில் சுற்றுகிறது. காற்று பட்டுச் சீக்கிரம் ஆறுகிறது. அன்று முதல் டிஸ்க் பிரேக்குக்கு நல்ல காலம் பிறந்தது. இன்று சாதாரணச் சின்னக் காரிலும் முன் சக்கரங்களில் டிஸ்க், பின் சக்கரங்களில் டிரம் இருக்கிறது. வேகமான சில சின்னக் கார்களில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். ஸ்ரீபெரும்புதூர் ஹூண்டாய் தொழிற்சாலையில் இருந்து 2021-ல் வெளிவந்த "ஐ20 என் லைன்" கார் அப்படிப்பட்டதுதான்.

ஏன் கத்துகிறது?

சரி, கீச்சென்ற சத்தத்துக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்தில் சிலேட்டுப் பலகையில் எழுதி இருப்பீர்கள். பல்பத்தைச் சாய்த்துப் பிடித்தால் சத்தம் இல்லை. செங்குத்தாகப் பிடித்து அழுத்தினால் "கிறீச்" என்று பல் கூசும் சத்தம் வரும். ஏன்? பல்பம் வழுக்கிக் கொண்டே போவதில்லை. ஒரு கணம் ஒட்டுகிறது, மறு கணம் வழுக்குகிறது. மறுபடி ஒட்டுகிறது, மறுபடி வழுக்குகிறது. ஒரு விநாடிக்குள் எத்தனையோ தடவை இப்படி நடக்கிறது. அந்த அதிர்ச்சியே நம் காதில் சத்தமாக விழுகிறது.

வயலின் வித்வான் வில்லால் தந்தியை இழுக்கிறார். அங்கும் இதேதான். அது இசை. இது கூச்சல். வித்தியாசம் அவ்வளவே!

பிரேக் பேடும் டிஸ்க்கும் அப்படித்தான். உரசும்போது இரண்டும் சேர்ந்து அதிரத் தொடங்குகின்றன. விநாடிக்கு 1,000 தடவைக்கு மேல், சில சமயம் 10,000 தடவைக்கு மேலும் அதிர்கின்றன. டிஸ்க் கோவில் மணி போல ஒலிக்கிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் ஒலி விநாடிக்கு 2,000 முதல் 5,000 அதிர்வு வரை உள்ளது. பிரேக்கின் கூச்சல் பெரும்பாலும் அதைத் தொட்டுக் கொண்டு இருப்பதால்தான் தெருவே திரும்பிப் பார்க்கிறது.

பந்தயச் சாலைக்குப் போய் வந்த கார் ஏன் அதிகமாகக் கத்துகிறது? மூன்று காரணம்.

ஒன்று: அதிகச் சூட்டில் பேடின் முகம் கண்ணாடி போல வழவழப்பாகி விடுகிறது.

இரண்டு: சூட்டில் பேடின் பொருள் உருகி, டிஸ்க்கின் மேல் திட்டுத் திட்டாக அப்பிக் கொள்கிறது. அதனால் மிதிக்கும்போது கால் நடுங்குவது போல் இருக்கும். "டிஸ்க் வளைந்து விட்டது" என்று பலர் சொல்வார்கள். பல தடவை அது வளைவு அல்ல, அப்பிய திட்டு!

மூன்று: சிலர் பந்தயத்துக்கென்று உள்ள பேடுகளைப் போட்டுக் கொள்கிறார்கள். அவற்றில் உலோகம் அதிகம். கடினம் அதிகம். சூட்டைத் தாங்கும். ஆனால் கத்தும். டிஸ்க்கையும் தின்னும். லான்செஸ்டரின் செம்பு நினைவு வருகிறதா?

பந்தயப் பேடில் இன்னொரு குறையும் உண்டு. அது சூடாக இருந்தால்தான் நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்த காலை நேரத்தில், ஒரகடம் சாலையில், திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால்? வீட்டுக் காருக்கு அது ஏற்றது அல்ல.

சத்தத்தின் பாஷை

பிரேக்கின் சத்தம் எல்லாம் ஒன்று அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் உண்டு. வீட்டில் உள்ள எல்லோரும் இதைத் தெரிந்து கொள்ளலாம்.

மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மூன்று மிதிக்கு மட்டும் உரசும் சத்தம் வருகிறதா? டிஸ்க் மேல் படிந்த மெல்லிய துரு அது. தானே போய் விடும். பயம் வேண்டாம்.

மெதுவாக நிறுத்தும்போது மட்டும் "கீச்" என்கிறதா? அதிர்வாக இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேடைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதன் முதுகுப் பக்கம் சூடு தாங்கும் கிரீஸ் தடவி, மெல்லிய தகடு வைத்து மாட்டுவார்.

ஓடும்போதே விடாமல் மெல்லிய கீச்சுக் குரல் வருகிறதா? ஜாக்கிரதை! பல பேடுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு வைத்திருக்கிறார்கள். பேடு தேய்ந்து போனால் அந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்தும். "என்னை மாற்று, மாற்று" என்பதே அதன் பொருள்.

"கறகற" என்று இரும்பை அரம் போட்டு ராவுவது போல் இருக்கிறதா? பேடு முழுவதும் போய் விட்டது. இரும்போடு இரும்பு உரசுகிறது. அதற்கு மேல் ஓட்டவே கூடாது!

ஓர் எச்சரிக்கை. கதவின் கீல் கத்தினால் எண்ணெய் விடுகிறோம். பிரேக் கத்துகிறது என்று எண்ணெய் விடலாமா? கூடவே கூடாது! உரசும் முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிப்புப் போய் விடும். சத்தம் நிற்கும். ஆனால் கார் நிற்காது!

எவ்வளவு தேய்ந்தால் ஆபத்து?

புதிய பேடில் உரசும் பகுதி சுமார் 10 மில்லி மீட்டர் கனம் இருக்கும். 3 மில்லி மீட்டருக்கு வந்தால் மாற்றி விட வேண்டும். நிதானமாக ஓட்டினால் ஒரு ஜோடி பேடு 30, 40 ஆயிரம் கிலோ மீட்டர் கூட வரும். பந்தயச் சாலையில் அதே பேடு சில நாட்களிலேயே தேய்ந்து விடும்.

பேடு மெலிந்தால் இன்னொரு கெடுதலும் வருகிறது. கனமான பேடு சூட்டைத் தடுத்து நிறுத்தும் சுவர் போல இருக்கிறது. சுவர் மெலிந்தால் சூடு பின்பக்கம் பாய்கிறது. அங்கே இருப்பது என்ன? பிரேக் ஆயில்!

மிதி தரையைத் தொட்டால்...

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான விஷயம்.

நாம் காலால் மிதிப்பதை நாலு சக்கரத்துக்கும் கொண்டு போவது பிரேக் ஆயில். குழாயில் அடைபட்ட எண்ணெயை எவ்வளவு அழுத்தினாலும் அது சுருங்காது. அதனால்தான் மிதித்த உடனே பிரேக் பிடிக்கிறது.

ஆனால் இந்த எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. வெயிலில் வைத்த உப்பு இருக்கிறதே, அது மழை நாளில் என்ன செய்கிறது? காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நசநசத்துப் போகிறது. பிரேக் ஆயிலும் அப்படியே ஈரத்தை இழுக்கும்.

"டாட் 4" என்ற வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறி விட்டால்? 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கலாம். "டாட் 3" வகைக்கு இந்தக் கணக்கு 205-ம் 140-ம் ஆகும்.

ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெய் சுருங்காது. ஆவி சுருங்கும்! காலால் மிதிக்கிறீர்கள். குமிழிதான் நசுங்குகிறது. பேடு அசையவில்லை. மிதி மெத்தையைப் போல உள்ளே போகிறது. தரையைத் தொடுகிறது. கார் நிற்கவில்லை!

சத்தமே இல்லாமல் வரும் ஆபத்து இது. கத்துகிற பிரேக்கை விட, கத்தாமல் கைவிடுகிற பிரேக்கே கொடியது.

பந்தயச் சாலையில் ஓரத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். மோதினாலும் தாங்கத் தடுப்புகள் இருக்கும். ஏற்காடு மலைப் பாதையில்? அங்கே 20 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையில் 70! ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். பின் சீட்டில் குழந்தைகள். மலை இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக் கொண்டு வந்தால், பந்தயச் சாலையில் ஏறும் அதே சூடு இங்கும் ஏறும்.

அம்மா கேட்ட கேள்வியின் பொருள் இப்போது புரிகிறதா?

என்ன செய்ய வேண்டும்?

பந்தயச் சாலைக்குப் போகும் வாலிபர்களுக்குச் சில யோசனைகள்:

போவதற்கு முன்பு பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள். சாதாரணமாக ஓட்டும் காருக்கே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

பேடின் கனத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அன்று பந்தயம் வேண்டாம்.

புதிய பேடு போட்ட உடனே வேகம் கூடாது. முதலில் மிதமான வேகத்தில் பல தடவை மெல்ல மிதித்து, பேடையும் டிஸ்க்கையும் ஒன்றோடு ஒன்று பழக்க வேண்டும். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது போல!

நாலைந்து சுற்று ஓட்டினால் ஒரு சுற்று மெதுவாகப் போங்கள். கூடியவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். காற்றில் பிரேக் ஆறும்.

ஓட்டி முடித்து நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காதீர்கள். கொதிக்கும் தட்டில் பேடு ஒட்டிக் கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வையுங்கள்.

வீடு திரும்பியதும் மெக்கானிக்கிடம் காட்டாமல் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

மலைப் பாதையில் போகும் எல்லோருக்கும் ஒரு பழைய புத்தி: ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர்!

ஓடும்போது மிதி திடீரென்று உள்ளே போய் விட்டால் பதறாதீர்கள். காலை எடுத்து எடுத்து வேகமாக மிதியுங்கள். பல சமயம் கொஞ்சம் பிடிப்பு திரும்பும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். ஹார்ன் அடித்துக் கொண்டே ஓரம் கட்டுங்கள். என்ஜினை மட்டும் ஓடும்போது நிறுத்தி விடாதீர்கள். ஸ்டீயரிங் கனத்து விடும்.

தூசியிலும் எச்சரிக்கை!

தேய்ந்த பேடு எங்கே போகிறது? சக்கரத்தில் படியும் கறுப்புத் தூசி அதுதான். ஒரு காலத்தில் பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்தார்கள். சூட்டைத் தாங்கும் என்று உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தினார்கள். பிறகுதான் உண்மை தெரிந்தது. கல்நார்த் தூசி நுரையீரலில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோய் வரக் கூடும். எத்தனை மெக்கானிக்குகள் அந்தத் தூசியை வாயால் ஊதித் துடைத்திருப்பார்கள்!

இன்று கல்நார் இல்லாத பேடுகள் வந்து விட்டன. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். எந்தத் தூசியானாலும் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

நம் ஊர்க் கைகள்

பிரேக் செய்வதில் சென்னைக்கு நீண்ட பழக்கம் உண்டு. பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தொடங்கியது. 1964-ல் ரானே பிரேக் லைனிங் வந்தது. பாடியிலேயே 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் பிறந்தது. ஒரகடத்தில் வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே அதற்கென்று சோதனைச் சாலைகள் இருக்கின்றன.

சேரப்பணஞ்சேரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் கார் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஷிப்டு முடிந்து வரும் தம்பியும் தங்கையும் செய்த பாகம் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு குடும்பத்தைக் காக்கிறது. அதைச் செய்கிறவர்களே தங்கள் காரின் பிரேக்கைக் கவனிக்காமல் விடலாமா?

மீண்டும் அந்த வீட்டுக்கு...

மறுநாள் மாலை. நாம் நினைத்துப் பார்த்த வாலிபர் காரை மெக்கானிக்கிடம் கொண்டு போகிறார்.

சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக் பேடை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

"பாருங்க தம்பி. ரெண்டு மில்லிதான் பாக்கி. ஆயிலைப் பாருங்க, காபித் தண்ணி மாதிரி இருக்கு."

"நான் வெறும் சத்தம்தான் என்று நினைத்தேன் அண்ணே."

"சத்தம் போட்டது உங்க நல்லதுக்கு. சத்தம் போடாம இருந்திருந்தா மலையிலதான் தெரிஞ்சிருக்கும்."

பேடு மாறியது. ஆயில் மாறியது. ஒரு மணி நேர வேலை. அடுத்த வாரம் கார் ஏற்காடு ஏறியது. இருபது வளைவும் ஏறி, இருபது வளைவும் இறங்கியது. இறங்கும்போது மகன் இரண்டாவது கியரை விட்டு மாறவில்லை.

பின் சீட்டில் அம்மா தூங்கிக் கொண்டிருந்தார்.